புடையன் இல்லாத காட்டுக்கு ஒரு சோடி கேற்றர்

"செப்டெம்பர் கடைசிச் சனி. காலை ஏழு பாகை, மழை விட்டிருக்கிறது. கேற்றரைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி போட்டேன். இடது காலில் பட்டி இறுக்கம். றீற்றா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்."

என் நாட்குறிப்பில் அன்றைக்குள்ள பதிவு இவ்வளவுதான். றீற்றா என் மனைவி. மொன்றியலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டுக் குசினியில், காலில் வேட்டைச் சப்பாத்து, அதன் வாயிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை பலகைபோல் விறைத்த பழுப்பு உறைகள், அதற்கு மேலே சாரம் என்று ஒரு மனிதன் நின்று தேத்தண்ணி ஆற்றுவதைக் கண்டால் யாரும் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

"இஞ்சாருங்கோ, மேசுக்கு மேலை சப்பாத்து. சப்பாத்துக்கு மேலை உது. உதுக்கு மேலை என்ன வருது?"

"ஒண்டுமில்லை. உதோடை முடிஞ்சுது."

"நான் சாரத்தைக் கேக்கிறன்."

புதுச் சப்பாத்தை வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குவதுபோல இதையும் பழக்கவேண்டும் என்று விளக்கினேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விளக்கவேண்டும். ஆங்கிலத்தில் கேற்றர் என்பார்கள். கியூபெக்கின் பிரெஞ்சில் கெத்ர். சப்பாத்தின் வாயையும் காற்சட்டையின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து மூடி, பாதத்துக்கு அடியால் ஒரு பட்டி ஓட்டிக் கட்டுகிற உறை. பனி, சேறு, முள், ஈரப் புல் எதுவும் சப்பாத்துக்குள் போகாது. தமிழில் இதற்கு ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் கட்டாத பொருளுக்கு எங்களிடம் சொல் எதற்கு என்று விட்டுவிட்டேன். வயலுக்கு வெறுங்காலோடு போனவர்கள் நாங்கள். காட்டுக்குப் போகும்போது செருப்புப் போட்டவனை வசதிக்காரன் என்றார்கள்.

இந்த வயதில் எனக்குக் கேற்றர் தேவைப்பட்டதற்குக் காரணம் கயெத்தான். புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற வெயார்ஹவுஸில், நான் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பாரந்தூக்கி ஓட்டக் காட்டித் தந்தவர். என் பெயர் அந்தோனி. அவர் அன்றைக்கே அதை அந்துவான் ஆக்கினார், பிறகு மாற்றவில்லை. ஒவ்வொரு ஒக்டோபரும் அவரும் மனைவி லீனும் மொன்றியலிலிருந்து வடக்கே மொரிசிப் பகுதிக் காட்டுக்கு மூஸ் வேட்டைக்குப் போவார்கள். மூஸ் என்பது மான் இனம்தான், ஆனால் குதிரையை விட உயரம். ஒரு காளையின் இறைச்சி ஒரு வீட்டுக்குப் பனிக்காலம் முழுக்கப் போதும். லீனும் துவக்கோடுதான் போவார் என்று நான் முதன்முதல் வீட்டில் சொன்னபோது றீற்றா கறியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, "மனுசனும் மனுசியும் துவக்கோடை ஒரு குடிலுக்கை ஒரு கிழமையோ?" என்று கேட்டாள். "சண்டை வாறேல்லையாமோ?"

இந்த மாகாணத்தில் பெரும்பாலான இடங்களில் ஒரு மூஸைச் சுட இரண்டு பேருடைய அனுமதிப் பத்திரம் வேண்டும். இரண்டு பேரும் வேட்டையில் கூட இருக்கவேண்டும். விழுந்த விலங்கில் இரண்டு பேரின் சீட்டும் கட்டப்படவேண்டும். போன பனிக்காலத்தில் லீன் வாசற்படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். இப்போது நடக்கிறார், ஆனால் காட்டில் அல்ல. கயெத்தானுக்கோ வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. வருகிற பனிக்காலத்தில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு பெரிய துவக்கின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவருக்கு இருந்தது இந்த ஒரு இலையுதிர்காலம். அதற்கும் இரண்டாவது ஆள் இல்லை. கயெத்தான் இதையெல்லாம் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில், பாண் துண்டுக்கும் பாண் துண்டுக்கும் இடையில், சில கிழமைகளாகச் சொன்னார்.

என்னிடம் வேட்டைக்காரச் சான்றிதழ் இருந்தது அவருக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் அவர் தூண்டித்தான் வகுப்புக்குப் போனேன். நான் படிப்பேன், சோதனை எழுதுவேன், சான்றிதழை உறையிலிட்டுத் திகதி எழுதி வைப்பேன். அது என் சுபாவம். வேட்டைக்குப் போகும் எண்ணம் இருக்கவில்லை.

"உன்னிடம் சான்றிதழ் இருக்கிறது. கால் இரண்டும் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?" என்று கயெத்தான் ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"நான் சுடமாட்டேன்."

"உன்னை யார் சுடச் சொன்னது? சுடுகிறது நான். நீ வா, நட, வாயை மூடிக்கொண்டிரு. லீனுக்கு அந்த மூன்றாவது ஒருநாளும் முடிந்ததில்லை."

துவக்கு எடுப்பதில்லை என்பது நாட்டை விட்டு வரும்போது நான் எடுத்த முடிவு. வகுப்பில் குண்டில்லாத துவக்கைத் தொட்டதோடு சரி. காரணம் சொல்லத் தேவையில்லாத வாசகர்கள்தான் இதை வாசிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கயெத்தானும் காரணம் கேட்கவில்லை. நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் நினைத்தது துவக்கை அல்ல, குளிரை அல்ல, மூஸை அல்ல. காலை நினைத்தேன்.

இதை இங்கு பிறந்தவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். முருங்கனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு வயல் இருந்தது. ஒரு அறுவடைக் காலத்தில் வரம்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சவேரி அண்ணை திடீரென்று நின்றார். விழவில்லை, கத்தவில்லை. "தம்பி, நில்லு," என்றார். கெண்டைக்காலில் இரண்டு புள்ளி. வரம்புக்குக் கீழே வைக்கோல் நிறத்தில், சங்கிலி சங்கிலியாகப் புள்ளி போட்ட தடித்த உடம்பு ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிப் புடையன், விரியன் இனம். மன்னார் ஆசுப்பத்திரியில் அண்ணை பிழைத்தார். ஆனால் அந்தக் கால் பழைய கால் ஆகவில்லை. மாரி வந்தால் இன்றைக்கும் வீங்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்தது. நடக்கும்போது கண் நிலத்தில் இருக்கும். கால் வைக்கப்போகும் இடத்தைக் கண் முதலில் தொட்டுப் பார்த்த பிறகுதான் கால் போகும். மொன்றியலில் மெற்றோப் படிகளில்கூட நான் அப்படித்தான் இறங்குவேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது, அப்பா எதையோ தேடுகிறார் என்று தன் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறான்.

கேற்றர் தெரிவுசெய்ய நான் எடுத்துக்கொண்ட கவனத்தை றீற்றா, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கவனத்தோடு ஒப்பிட்டாள். அதற்கு இவ்வளவு நாள் எடுக்கவில்லை என்றும் சொன்னாள். வாசித்தது எல்லாவற்றையும் எழுதினால் அலுப்படிப்பேன். சுருக்கமாகச் சொன்னால், மலையேறுகிறவர்களின் மெல்லிய நைலோன் ரகம் பாரமில்லாதது, விலை குறைந்தது. ஆனால் காட்டில் ஒடிந்து நிற்கும் கட்டைகள் அதைக் கிழித்துவிடும். மெழுகு தடவிய தடித்த கன்வஸ் ரகம் நன்றாக உழைக்கும், சத்தமும் குறைவு, நனைந்தால் கனக்கும். எந்த ரகமானாலும் முதலில் போவது துணியல்ல, பாதத்துக்கு அடியில் ஓடுகிற பட்டி. ஒவ்வொரு அடியிலும் அது கல்லில் தேய்கிறது. ஆகவே தேய்ந்த பட்டியைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மடிப்புகளில் இரட்டைத் தையல் இருக்கவேண்டும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டி முன்பக்கம் இருந்தால் குளிரில் விறைத்த விரலாலும் மூடலாம். இவ்வளவும் தெளிவான பிறகும் என் மனம் ஒப்பவில்லை. புத்தகங்களில் வராத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை சவேரி அண்ணையிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன்.

"டேய், அங்கை புடையன் இருக்கோ?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"இல்லையாம் அண்ணை. இந்த மாகாணத்திலை நஞ்சுப் பாம்பே இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். புத்தகத்திலையும் கிடக்கு."

"புடையன் புத்தகம் வாசிக்கிறேல்லை. நீ தடிச்சதா வாங்கு."

அடுத்த சனி புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைப் பொருள் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற இளம்பெண் பொன்ஜூர் சொல்லி, பனியில் நடக்கவா, மலையேறவா என்று கேட்டாள். "ஓரிஞாள்," என்றேன். மூஸுக்கு இங்குள்ள சொல் அது. அவள் முகத்தில் மரியாதை கூடியது. நாலைந்து சோடிகளை எடுத்துப் போட்டாள். நான் பட்டிகளை இழுத்தேன், தையலை நகத்தால் சுரண்டினேன், ஒவ்வொன்றையும் கட்டி நடந்தேன். என் கெண்டைக்கால் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள கேற்றர்கள் இங்குள்ள கால்களுக்குத் தைக்கப்பட்டவை. எனக்கு உறைக்குள் காலைத் தேடவேண்டியிருந்தது. அவள் முட்டுக்காலில் இருந்து ஒட்டுப்பட்டியைக் கடைசி எல்லைவரை இழுத்து ஒட்டிவிட்டு, "சைக்கிள் ஓடுவீர்களா?" என்று நாகரிகமாகக் கேட்டாள்.

அப்போதுதான் கழிவு விலைத் தட்டில் கிடந்த சோடியைக் கண்டேன். பழுப்பு நிறம், அடுக்கடுக்கான துணி, தட்டினால் மரப்பெட்டிபோல் ஓசை. யாரோ தெற்கே அமெரிக்காவுக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதற்கென்று எடுப்பித்து, பயணம் நின்றுபோய்த் திருப்பிக் கொடுத்தது. பாம்பின் பல் ஏறாது என்று அட்டையில் எழுதியிருந்தது.

"இது வேண்டும்," என்றேன்.

"ஓ, புளோரிடாவுக்கா? என் அப்பா அம்மாவும் குளிருக்கு அங்கேதான் போவார்கள்."

"இல்லை. மொரிசிக்கு."

அவள் அட்டையை என் பக்கம் திருப்பினாள். "மொரிசியில் பாம்பு இல்லை, மெஸ்யூ. இருக்கிறது, ஆனால் நஞ்சில்லை."

"தெரியும்."

என் பிரெஞ்சில் பிழை என்று நினைத்திருக்கவேண்டும். அதையே ஆங்கிலத்தில், மெதுவாக, சொல் சொல்லாக மறுபடி சொன்னாள். நான் ஆங்கிலத்திலும் தெரியும் என்றேன். அவள் கட்டணம் எடுக்கும் இடத்தில் நின்ற மற்றப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, இருவரும் என்னைப் பார்த்து மிகவும் அன்பாகச் சிரித்தார்கள். பனிக்கால விடுமுறை நன்றாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

சாரத்தோடு குசினியில் நின்றது அதற்கு அடுத்த கிழமை. அன்று பின்னேரமே கயெத்தான் வந்தார். பயணத்துக்கு வேண்டிய சாமான்களைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். வீட்டு வாசலில் கார் நிற்கும் இடத்தில் என்னை நிறுத்தி, வேலியோரம் கிடந்த காய்ந்த சுள்ளி ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதை என் கேற்றரில் உரசினார். சர்ரென்றது. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கியது.

"அந்துவான், மூஸுக்குக் கண் மோசம். காது மோசமில்லை. நீ வருவது எனக்கே மரப்பெட்டி நடந்து வருவதுபோல் கேட்கிறது. இதைக் கழற்று."

அவருடைய கேற்றரைக் காரிலிருந்து எடுத்துக் காட்டினார். பழைய கம்பளிக் கோட்டை வெட்டி லீன் தைத்தது. சுள்ளியை உரசினார், ஒன்றும் கேட்கவில்லை. இதைப் போலப் போதும், சேறு ஏறினால் காயும், கிழிந்தால் தைக்கலாம் என்றார்.

"கழற்றமாட்டேன்," என்றேன்.

"அங்கே பாம்பு இல்லை."

"தெரியும்."

"தெரிந்தால்?"

"நீ காரில் பெல்ற் போடுகிறாயே. ஒவ்வொரு நாளுமா மோதுகிறாய்?"

"வீதியில் கார்கள் இருக்கின்றன, அந்துவான். காட்டில் பாம்பு இல்லை."

அவர் பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் குரல் மாறியது. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "எனக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். ஒரு சத்தத்தில் அது போய்விடும்." அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் வாங்கியது பிழையான பொருள் என்பதும் உண்மை. ஆனால் வெறுங்காற்சட்டையோடு அந்தக் காட்டில் நடந்தால் ஒவ்வொரு அடியும் தயங்கும், தயங்கித் தயங்கி வருகிற துணை அவருக்கு எதற்கு என்பதை எந்த மொழியில் சொல்வது?

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த றீற்றா உள்ளே போய்ப் மெத்தென்ற பழைய பிளீஸ் துணிப் போர்வை ஒன்றோடு வந்தாள். மகன் பள்ளிக்கூடக் காலத்தில் போர்த்தது. "சத்தம்தானே பிரச்சினை? மேலாலை உதைப் போட்டுத் தைச்சால் ஆச்சு. இதுக்கு ரெண்டு ஆம்பிளையள் நடுறோட்டிலை நிண்டு முகத்தைத் தூக்குறியள்." கயெத்தானுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் போர்வை விளங்கியது. தையல்மெசினின் ஊசி முதல் தையலிலேயே உடைந்தது. அந்தத் துணிக்கு ஊசி ஏறவில்லை என்றதும் எனக்கு உள்ளூரத் திருப்தி. அட்டையில் எழுதியிருந்தது பொய்யில்லைப்போல. பிறகு பசையால் ஒட்டி, ஓரங்களை மட்டும் செருப்புத் தைக்கும் ஊசியால் கையால் தைத்தாள். கயெத்தான் மறுபடி சுள்ளியை உரசினார். கேட்கவில்லை. "இப்போது நீ கரடிக்குட்டி," என்று சொல்லி, என் கையைக் குலுக்காமல் றீற்றாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் போனோம். குடிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ எழுதப்போவதில்லை. அழகான இடங்கள் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நான் கவனித்தது நடையை. கயெத்தான் நடக்கும்போது காலைப் பார்ப்பதேயில்லை. தலை நிமிர்ந்து, கண் எப்போதும் மரங்களுக்கிடையில், தூரத்தில். பாதம் தானே இடம் தேடிக்கொள்கிறது. இறங்குமுன் நுனியால் தடவி, சுள்ளி இருந்தால் விலகி, பிறகு இறங்குகிறது. அவர் தகப்பனும் அப்படித்தான் நடந்திருப்பார். நானோ அவருக்குப் பின்னால், கண்ணை நிலத்திலிருந்து எடுக்காமல். முதல் நாள் அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"நீ எதைத் தொலைத்தாய்?"

"ஒன்றையும் இல்லை."

"அப்படியானால் மேலே பார். மூஸ் பாசிக்கு அடியில் ஒளிப்பதில்லை."

பார்த்தேன். மேலே பார்த்த மறுகணம் ஒரு வேரில் தடுக்கி விழுந்தேன். அவர் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாளும் ஒன்றும் வரவில்லை. குடிலில் அவர் தோளுக்குச் சுடுநீர்ப் பை வைத்துக்கொண்டு, லீன் தந்துவிட்ட பட்டாணி சூப்பை இடது கையால் குடித்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். தோள் வலிக்கிறதில்லை, வயது வலிக்கிறது என்றார்.

அதற்கடுத்த காலை, பூர்ச்ச மரப்பட்டைக் குழலால் அவர் பெண் மூஸ்போல அழைக்க, எங்கேயோ உள்ளிருந்து ஒரு காளை பதில் சொன்னது. கொம்பு முதலில் வந்தது, பிறகு தோள், பிறகு அந்த நம்பமுடியாத உயரம். கயெத்தான் சுட்டார். காளை ஒருதரம் குலுங்கித் திரும்பி, வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது. அவர் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, தோளைப் பிடித்தபடி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. பட்டது, பட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடனே பின்னால் போகக்கூடாது, விட்டால் அது படுக்கும், துரத்தினால் எழுந்து ஓடும் என்று எனக்கு விளக்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

முதல் இரத்தம் நுரையோடு, இளஞ்சிவப்பாக இருந்தது. நுரையீரல், நல்லது என்றார். இலைகளின் மேல் அது தெளிவாகப் போனது. பிறகு நிலம் தாழ்ந்து, மனித உயரப் புதர்கள் நெருங்கி நின்ற சதுப்பு. பாசி, தண்ணீர், பாசி. அங்கே தடம் விட்டுப்போனது. கயெத்தான் வட்டமடித்தார், பெரிய வட்டமாக மறுபடி அடித்தார். மழை வரும்போல் இருந்தது. வந்தால் இருக்கிற இரத்தமும் கழுவப்படும். திரும்பி வந்து என் முன்னால் நின்றபோது அவர் முகத்தில் இருந்தது களைப்பு அல்ல. "சுட்டதைத் தேடிக் கண்டுபிடிக்காதவன் சுட்டிருக்கக்கூடாது. என் கடைசியை அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டேன்," என்றார். பிறகு, கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, ஒரு கருவியைக் கேட்கிறவர்போல: "நீ முன்னால் போ. இப்போது கீழே பார்."

நான் முன்னால் போனேன். கால் வைக்கப்போகும் இடத்தைக் கண் தொட, பிறகு கால். இதைத்தானே வாழ்நாள் முழுக்கச் செய்தேன். பாசியில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்சத் தூரம் போனதும் என் கேற்றரைக் கண்டேன். முழங்காலுக்குக் கீழே, போர்வையின் வெளிறிய பரப்பில், ஒரு சிவப்புக் கோடு. புதர்த் தண்டுகளின் பக்கவாட்டில் மூஸ் உரசிப் பூசிவிட்டுப் போன இரத்தத்தை, நிலத்தை மட்டும் பார்த்த என் கண் தவறவிட்டிருந்தது. போர்வை துடைத்து எடுத்திருந்தது. கயெத்தானுக்குக் காட்டினேன். அவர் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு நாங்கள் தண்டுகளைப் பார்த்துப் போனோம். கோடு கூடினால் சரியான வழி, நின்றால் திரும்பி வந்து வேறு இடைவெளி. கோடு கூடிக்கொண்டே போனது. வலதில், இடதில், மறுபடி வலதில்.

சதுப்பு முடிந்து நிலம் மேடாகத் தொடங்கிய இடத்தில் என் கால் நின்றது. நான் நிறுத்தவில்லை, அது நின்றது. வலது கால் காற்றில் இருந்தது. அது இறங்கவேண்டிய இடத்தில், ஈரமான மஞ்சள் இலைகளுக்கிடையில், தடித்த, சுருண்ட ஒன்று. வைக்கோல் நிறம். புள்ளிகள் சங்கிலி சங்கிலியாக. பின்னால் கயெத்தானும் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, வேட்டையில் நின்றவனிடம் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பேரும் அசையாமல் நின்ற அந்த அமைதியில்தான் கேட்டது. எங்கள் இடப்பக்கம், நாங்கள் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடிய இளம் மரக்கூட்டத்துக்குள்ளே, நீளமான ஒரு கடைசி மூச்சு. கயெத்தான் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பிறகு அவர் குரல் வந்தது, பெரிதாக அல்ல: "இங்கே இருக்கிறது, அந்துவான். வா, இங்கே இருக்கிறது."

காளை இறந்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் நெடுநேரம் முட்டுக்காலில் இருந்தார். தோள் வலியால் எழும்ப முடியவில்லை என்று பிறகு சொன்னார். அது மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். சீட்டுகளை இரண்டு பேரும் கட்டினோம். அவர் பெயர், அதன் பக்கத்தில் என் பெயர், ஒரே விலங்கில். இந்த நாட்டின் எத்தனையோ பத்திரங்களில் என் பெயர் இருக்கிறது. ஆனால் வேறு ஒருவனுக்கு என் பெயர் வேண்டியிருந்தது என்பதற்காக இதுவரை எங்கும் எழுதப்பட்டதில்லை. மூஸைக் கூறுபோட்டு வெளியே கொண்டுவர அன்றைய பகல் முழுக்க வேண்டியிருந்தது. பாதித் துண்டுகளை நான் சுமந்தேன், பட்டியும் தையலும் தாங்கின.

கடைசிச் சுமையை எடுக்க வந்தபோதுதான் கயெத்தான் கேட்டார்: "நீ ஏன் அங்கே நின்றாய்?"

"பாம்பு."

அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்துக்குப் போய், குனிந்து, இலைகளை விலக்கினார். பூர்ச்ச மரத்தின் வேர் ஒன்று மண்ணுக்கு வெளியே வளைந்து கிடந்தது. அதைத் தட்டிக் காட்டினார். "இதுதான். இந்தக் குளிரில் வேறென்ன இருக்கும்?" நானும் பார்த்தேன். வேரின் நிறம் கருமை. நான் கண்டது அதற்குச் சற்று இடப்பக்கத்தில் என்றும் எனக்கு நினைவு. ஆனால் அதற்குள் நாங்கள் அந்த வழியால் எத்தனை தரமோ போய்வந்துவிட்டோம். இலையெல்லாம் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. பின்னேரம் பனி தூவத் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. இங்குள்ள நஞ்சில்லாத பாம்புகளில் ஒன்று, சூடு தேடி வந்திருக்கலாம். வேராக இருக்கலாம். முருங்கன் வரம்பைக் கடந்து அவசரமில்லாமல் போனது அவ்வளவு காலமும் போய்க்கொண்டேயிருந்து, அன்று காலை மொரிசியில் வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

கயெத்தானுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. எங்கள் குளிர்பெட்டியின் அடித்தட்டு நிறைய மூஸ். றீற்றா அதை யாழ்ப்பாணத் தூளில் பிரட்டி லீனுக்கு அனுப்பினாள். லீன் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டதாகக் கேள்வி. நான் என் நாட்குறிப்பில் உறுதியானவற்றை உறுதியானவையாகவே எழுதியிருக்கிறேன்: திகதி, காற்றின் திசை, காளை, இரண்டு பத்திரங்கள். அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்கு நினைவு வருவது ஒரு நிலை. இடது கால் மொரிசியின் பாசியில் நன்றாகப் புதைந்து நிற்கிறது. வலது கால் காற்றில், இறங்க இடம் இல்லாமல். அதற்குக் கீழே கிடந்தது என்ன என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.